எட்டுக் கட்டத்திலும் டைசன் ஃபெயிலா?

மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில் குத்துச்சண்டைக்காரர் மைக் டைசனைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே கட்சிதான். "காதைக் கடிச்சவன்தானே, அவனெல்லாம் மனுசனா" என்பது ஒரு கட்சி. "அப்பன் இல்லாம வளர்ந்த பிள்ளை, பாவம், யாரு எடுத்துச் சொன்னா" என்பது இன்னொன்று. சாப்பாட்டுக்கடையிலும் முடிவெட்டும் கடையிலும் இந்த வழக்கு பல வருடமாகத் தீர்ப்பில்லாமல் நடக்கிறது.

எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் படிக்கும் பெண் ஒருத்தி இருக்கிறாள். பிரபலம் ஒருவரின் வாழ்க்கையை உளவியலாளர் எரிக் எரிக்சனின் உளச்சமூக வளர்ச்சிக் கோட்பாட்டோடு பொருத்திக் காட்டச் சொல்லி அவளுக்கு ஒப்படைப்பு வந்தது. டைசனை எடுத்துக்கொண்டாள். எட்டு வரிசை போட்டு அட்டவணை செய்திருந்தாள். ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் சிவப்பு மையில் ஒரே தீர்ப்பு. "சார், எட்டுக் கட்டத்துலயும் இவர் ஃபெயில் சார்" என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

அட்டவணை சுத்தமாக இருந்தது. எனக்குச் சிக்கலாகப் பட்டதும் அந்தச் சுத்தம்தான். எரிக்சன் யாருக்கும் பரீட்சைத் தாள் திருத்தவில்லை. அவர் கோட்பாட்டை ஒரு மனிதன் மேல் வைத்துப் பார்ப்பதென்றால், ஒவ்வொரு கட்டத்திலும் அவனுக்கு எதிரே நின்றது யார், அவர்கள் அவனிடம் என்ன எதிர்பார்த்தார்கள் என்றும் பார்க்க வேண்டும். உளச்சமூகம் என்பதில் பாதி சமூகம். அந்தப் பாதியை விட்டுவிட்டால் மீதம் இருப்பது ஜாதகம்தான்.

முதலில் கோட்பாட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம். எரிக்சன் 1902ல் ஃபிராங்க்ஃபர்ட்டில் பிறந்தவர். தாய் டென்மார்க்கைச் சேர்ந்த யூதப் பெண். பெற்ற தகப்பன் யார் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. தாய் மணந்துகொண்ட குழந்தை மருத்துவர் ஹோம்பர்கரையே அப்பா என்று நம்பி வளர்ந்தார். பொன்னிற முடி, நீலக் கண் என்று யூதப் பிள்ளைகள் ஒரு பக்கம் கேலி செய்ய, யூதன் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இன்னொரு பக்கம் கேலி செய்தார்கள். பள்ளி முடித்தபின் எந்தப் பட்டமும் வாங்காமல் படம் வரைந்துகொண்டு ஐரோப்பாவைச் சுற்றினார். 25 வயதில் வியன்னாவுக்குப் போய் உளப்பகுப்பாய்வாளர் ஆன்னா ஃபிராய்டிடம் சேர்ந்த பிறகுதான் ஒரு வழிக்கு வந்தார். 1939ல் அமெரிக்கக் குடியுரிமை வாங்கும்போது எரிக்சன் என்ற குடும்பப் பெயரைத் தானே சூட்டிக்கொண்டார். நான் யார் என்ற கேள்வியை வைத்தே ஒரு துறையைக் கட்டிய மனிதருக்கு அந்தக் கேள்வி வீட்டுக்குள்ளேயே இருந்தது.

ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை இந்தக் கண்ணோடு படிக்கும் பழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் அவரும் ஒருவர். 1958ல் மார்ட்டின் லூதரை எடுத்துக்கொண்டார், 1969ல் காந்தியை. காந்தி நூலுக்கு மையம் 1918ல் அகமதாபாத்தில் நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதற்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. மகாத்மா காந்தி கலாசாலை என்று தமிழ்ப்பள்ளிக்குப் பெயர் வைத்திருக்கும் எங்கள் ஊரில் இதைச் சொன்னால் உடனே காது கொடுத்துக் கேட்பார்கள். அந்த நூலில் எரிக்சன் காந்தியைக் கும்பிட்டுவிட்டு நிறுத்தவில்லை. வீட்டாரிடமும் நெருங்கியவர்களிடமும் காந்தி காட்டிய கடுமையைப் பற்றி, அவரிடமே நேராகக் கேட்பதுபோல் ஒரு நீண்ட பகுதி எழுதினார். மகாத்மாவுக்கே சலுகை கிடையாது என்றால் டைசனுக்கு மட்டும் எப்படி?

கோட்பாட்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிறப்பு முதல் முதுமை வரை எட்டுக் கட்டம், ஒவ்வொன்றிலும் ஓர் இழுபறி. கைக்குழந்தையில் நம்பிக்கையும் அவநம்பிக்கையும். நடை பழகும் வயதில் சுயமாக நிற்பதும் வெட்கமும். விளையாட்டு வயதில் முனைப்பும் குற்றவுணர்வும். பள்ளி வயதில் உழைப்பூக்கமும் தாழ்வுணர்வும். பதின்ம வயதில் அடையாளமும் குழப்பமும். இளமையில் நெருக்கமும் தனிமையும். நடுவயதில் அடுத்த தலைமுறையைப் பேணுவதும் தேக்கமும். கடைசியில் நிறைவும் விரக்தியும். ஒரு பக்கம் முழுதாக ஜெயித்துவிட வேண்டும் என்று எரிக்சன் சொல்லவில்லை. அவநம்பிக்கை துளியும் இல்லாத பிள்ளை தெருவைக் கடக்கவே முடியாது. ஒரு கட்டத்தில் விட்டது பிறகு ஒருநாள் திரும்பி வந்து கதவைத் தட்டும் என்றும் சொன்னார். டைசன் கதையில் இந்தக் கடைசிச் செய்திக்கு வேலை இருக்கிறது.

முதல் கட்டத்துக்குத் தோட்டத்து உதாரணமே போதும். ஹீவுட், டோவன்பி, எல்பில் என்று இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பால்மரம் (ரப்பர்) வெட்டப் போன தாய்மார், விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு முன் ஆள் கணக்கெடுப்புக்கு, போகும் வழியில் கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். ஏணையில் (துணித் தொட்டிலில்) தூங்கும் பிள்ளைகள் வரிசையாக, ஆட்டிவிட ஓர் ஆயா. பால் எடுத்து ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்துவிட்டுத் தாய் திரும்பும்போது வெயில் ஏறியிருக்கும். இப்படி வளர்ந்தவர்களுக்கெல்லாம் நம்பிக்கை என்ற அடித்தளமே விழுந்திருக்காது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எரிக்சனும் ஒத்துக்கொள்ள மாட்டார். எத்தனை மணி நேரம் கூடவே இருந்தாள், எத்தனை தடவை பாலூட்டினாள் என்று அவர் எண்ணிக்கொண்டிருக்கவில்லை. கண்ணைவிட்டு மறைந்த தாய் வந்துவிடுவாள் என்று பிள்ளைக்கு உள்ளுக்குள் ஓர் உறுதி விழுந்திருக்கிறதா என்பதுதான் அவருக்குக் கேள்வி. கொட்டகை இருந்தது, ஆயா இருந்தார், சங்கு ஊதினால் அம்மா வருவாள் என்ற ஒழுங்கு இருந்தது.

1966ல் புரூக்ளினில் பிறந்த டைசனுக்கு அந்த ஒழுங்கு வாய்க்கவில்லை. தகப்பன் என்று அறியப்பட்டவர் குடும்பத்தைவிட்டுப் போய்விட்டார். தாய்க்குக் குடிப் பழக்கம். வாடகை கட்ட முடியாமல் இடம் மாறி மாறிக் கடைசியில் பிரவுன்ஸ்வில் பகுதிக்கு வந்தார்கள். அந்தக் காலத்தில் நியூயார்க்கிலேயே மோசமான இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால் இதை மட்டும் வைத்துக் கதையை முடித்துவிட்டால், அதே தெருவில் அதே வறுமையில் வளர்ந்து பேருந்து ஓட்டுநராகவும் தாதியாகவும் ஆனவர்களுக்கு என்ன பதில் சொல்வது? "பாவம், அப்பன் இல்லாத பிள்ளை" கட்சி இந்த இடத்தில்தான் தடுக்கி விழும்.

எனக்கு நான்காம் கட்டம்தான் சுவாரசியமாகப் படுகிறது. மாணவியின் அட்டவணையில் அதற்கு "பள்ளிக்குப் போகவில்லை, தாழ்வுணர்வு" என்று ஒரே வரி. உண்மைதான். மழலைப் பேச்சு, மூக்குக்கண்ணாடி, குண்டு உடம்பு என்று பிள்ளைகள் சீண்டியதில் பையன் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடினான். ஆனால் ஓடிப்போய்ச் சும்மா இருக்கவில்லை. மொட்டைமாடிகளில் புறா வளர்த்தான். புறா வளர்ப்பு என்பது என்ன என்று லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) பையன்களைக் கேட்டால் தெரியும். தீனி நேரம் தவறக்கூடாது, கூண்டு நாறக்கூடாது, எந்தச் சோடியை எதோடு விடுவது, மழை வருமுன் எப்படி அழைத்து இறக்குவது என்று ஒரு சின்னப் பட்டறையே அதற்குள் இருக்கிறது. பொறுமையும் கைத்திறனும் வேண்டும். எரிக்சன் பள்ளி வயதுக்குச் சொன்ன உழைப்பூக்கம் இதுதான். பிரவுன்ஸ்வில்லில் அதற்கு மார்க் போட ஆளில்லை, அவ்வளவுதான்.

அப்புறம் பெரிய பையன் ஒருவன் அவனுடைய புறா ஒன்றைப் பிடித்துக் கழுத்தைத் திருகிப் போட்டான். 10 வயது வாக்கில் டைசன் போட்ட முதல் சண்டை அதற்காகத்தான். அடித்து ஜெயித்தான். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். புறாவை நன்றாக வளர்த்தபோது கிடைக்காத கைதட்டல், ஒருவனை அடித்து வீழ்த்தியபோது கிடைத்தது. பிள்ளையின் திறமைகளில் எதை ஊர் பாராட்டுகிறதோ அதுதான் வேர்விடும். அடுத்த மூன்று வருடத்தில் 38 தடவை கைதானான் என்கிறார்கள்.

13 வயதில் அவனை அனுப்பிய இடம் டிரையன் சீர்திருத்தப் பள்ளி. நம் நாட்டில் மலாக்கா தெலுக் மாஸில் உள்ள ஹென்றி கர்னி பள்ளி மாதிரி. அங்கே பாபி ஸ்டூவர்ட் என்று முன்னாள் குத்துச்சண்டைக்காரர் ஒருவர் பணியாளராக இருந்தார். ஒழுங்காக நடந்துகொள், படி, குத்துச்சண்டை கற்றுத்தருகிறேன் என்று ஒப்பந்தம் பேசினார். பையனின் வாசிப்பும் முன்னேறியது. இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த பெரியவர் இவர்தான். பெரிதாக எதையும் வாக்குக் கொடுக்கவில்லை, ஒன்றைச் செய்தால் ஒன்று கிடைக்கும் என்று மட்டும் காட்டினார்.

அவர்தான் 1980ல் பையனை கஸ் டமாட்டோவிடம் அழைத்துப் போனார். டமாட்டோவுக்கு அப்போது 72 வயது. 1956ல் ஃபிளாய்ட் பேட்டர்சனை 21 வயதிலேயே உலகச் சாம்பியன் ஆக்கிய பயிற்சியாளர். அந்த வயதில் அவருக்கு இன்னொரு சாம்பியன் தேவைப்பட்டது. பையன் சில சுற்று ஆடியதைப் பார்த்தார், இவன் உலகச் சாம்பியன் ஆவான் என்று சொல்லிவிட்டார். கேட்ஸ்கில் ஊரில் இருந்த பெரிய வீட்டில் தங்க வைத்தார். 1982ல் தாய் இறந்தபின் சட்டப்படிப் பாதுகாவலரும் ஆனார். பையனுக்குத் தனி அறை, வேளைக்குச் சாப்பாடு, அன்பாகப் பேச ஒரு பெரியவர் என்று எல்லாம் முதல் தடவையாகக் கிடைத்தது.

இதைத்தான் எல்லாரும் டைசன் வாழ்க்கையின் பொற்காலம் என்கிறார்கள். மாணவியும் அட்டவணையில் ஐந்தாம் கட்டத்துக்கு மட்டும் "ஓரளவு வெற்றி" என்று எழுதி, பிறகு டமாட்டோ இறந்ததால் வீண் என்று அடித்திருந்தாள். எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. சிக்கல் அந்த வீட்டிலேயே தொடங்கிவிட்டது.

பதின்ம வயதுக்கு ஓர் அவகாசம் வேண்டும் என்றார் எரிக்சன். பையன் பல வேடம் போட்டுப் பார்க்க வேண்டும், சிலதைக் கழற்றிப் போட வேண்டும், தவறினால் பெரிய விலை கொடுக்காமல் திரும்பி வர வேண்டும். அவருக்கே படம் வரைந்துகொண்டு சுற்றிய ஆண்டுகள் அப்படிக் கிடைத்தன. 1966ல் ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் இதை இன்னும் நுணுக்கினார். தேடிப் பார்க்காமலேயே, பெரியவர்கள் கையில் கொடுத்த அடையாளத்தை வாங்கி மாட்டிக்கொண்டு கதவைச் சாத்திவிடுகிறவர்கள் உண்டு என்று தனியாகப் பிரித்துக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தால் இவர்கள் குழப்பமே இல்லாத பிள்ளைகள். ஆசிரியர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மாட்டிக்கொண்ட அந்த ஒன்று கழன்று விழுந்தால் அடியில் ஒன்றும் இருக்காது.

டைசனுக்கு 14 வயதிலேயே கதவு சாத்தப்பட்டது. அதற்கு என்ன விலை என்பதை டெடி அட்லஸ் சொன்ன சம்பவத்தில் பார்க்கலாம். அவர் டமாட்டோவின் குத்துச்சண்டைக் கூடத்தின் இளம் பயிற்சியாளர். தன் உறவுக்காரச் சிறுமி ஒருத்தியிடம் டைசன் தகாத முறையில் நடந்துகொண்டதற்காகத் துப்பாக்கியை எடுத்து அவனை மிரட்டியதாக அட்லஸ் பொதுவில் பலமுறை சொல்லியிருக்கிறார். கூடத்தைவிட்டு வெளியேற நேர்ந்தது அட்லஸுக்கு. டைசன் அங்கேயே இருந்தான். இதில் பையன் என்ன கற்றிருப்பான்? சாம்பியன் ஆகப்போகிறவனுக்கு மற்றவர் வலி கணக்கில் வராது என்பதைத்தான். அன்பு காட்டிய அதே வீடுதான் இதையும் கற்றுக்கொடுத்தது. டமாட்டோவைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் பையன் மேல் பாசம் இருந்தது, பட்டத்தின் மேலும் இருந்தது. இரண்டும் மோதியபோது பட்டம் ஜெயித்தது.

1985 நவம்பரில் டமாட்டோ இறந்தார். டைசனுக்கு 19 வயது. அடுத்த வருடம் நவம்பர் 22ஆம் தேதி டிரெவர் பெர்பிக்கை இரண்டாம் சுற்றில் வீழ்த்தி, 20 வயது 4 மாதத்தில் வரலாற்றிலேயே இளைய ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார். எரிக்சன் இன்னும் ஓவியம் வரைந்து திரிந்த வயதில், இவர் தன் வாழ்க்கையின் இலக்கை எட்டிவிட்டார். 1988ல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். அதே வருடம் செய்துகொண்ட திருமணம் ஒரு வருடத்தில் முறிந்தது. 1990 பிப்ரவரியில் தோக்கியோவில், பந்தயக்காரர்கள் 42க்கு 1 என்று ஒதுக்கிவைத்த பஸ்டர் டக்ளஸிடம் தோற்றார்.

இதை ஏதோ அமெரிக்காக் கதை என்று ஒதுக்க முடியவில்லை. நம் பக்கத்திலும் கால் வேகமான தோட்டத்துப் பையனை 13 வயதில் விளையாட்டுப் பள்ளிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஊரே பெருமைப்படுகிறது. 17 வயதில் முட்டி போய்த் திரும்பி வருகிறவனுக்கு ஊரில் ஒரு வேலையும் தெரியாது, பேச ஆளும் கிடையாது. ஒருவர் தன்னை விளையாட்டாளர் என்று மட்டுமே எவ்வளவு தூரம் நினைத்துக்கொள்கிறார் என்பதை அளக்க 1993ல் பிரூவர் என்பவரும் அவருடைய சகாக்களும் ஓர் அளவுகோலே செய்தார்கள். அடையாளம் அந்த ஒன்றில் மட்டும் குவிந்திருப்பவர்களுக்குக் காயமும் ஓய்வும் அதிகம் வலிக்கும் என்பதுதான் அதற்குப் பின்னால் உள்ள எண்ணம். விளையாட்டு வராத பையனுக்கோ வேறு வழி. தோட்டம் செம்பனைக்கு மாறி, ஆட்கள் குறைந்து, லயத்தைக் காலி செய்து மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளில் சிலர் கும்பலில் போய்ச் சேர்ந்தார்கள். 2013ல் உள்துறை அமைச்சு 49 சட்டவிரோதக் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அதில் பல கும்பல்களுக்குப் பெயர் வெறும் எண்தான். ஒன்றுமில்லாதவனாக இருப்பதைவிடக் கெட்டவனாக இருப்பது மேல் என்று பையன் எடுக்கும் முடிவை எரிக்சன் எதிர்மறை அடையாளம் என்றார். அந்த எண்ணைக் கையில் பச்சை குத்திக்கொள்கிறவனுக்கு அதுதான் கிடைத்த முதல் அடையாள அட்டை.

இனி அட்டவணையின் ஆறாம் வரிசை. 1991ல் இண்டியானாபொலிஸில் அழகிப் போட்டிக்கு வந்திருந்த 18 வயதுப் பெண்ணை டைசன் பாலியல் வன்கொடுமை செய்ததாக வழக்கு. 1992 பிப்ரவரியில் நடுவர் குழு குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்னது. 6 ஆண்டுத் தண்டனை, 3 ஆண்டுக்குள் வெளியே வந்தார். குற்றத்தை இன்றுவரை அவர் மறுக்கிறார், தீர்ப்பு மாறவில்லை. மாணவி இதை "நெருக்கம் ஏற்படவில்லை, தனிமை" என்று எழுதியிருந்தாள். எனக்குக் கொஞ்சம் கோபமே வந்தது.

"அந்தப் பொண்ணுக்கும் 18 வயசும்மா. அவளுக்கும் ஐந்தாம் கட்டமும் ஆறாம் கட்டமும் உண்டு. அவள் உன் அட்டவணையில் எங்கே?" என்று கேட்டேன். "கேள்வித்தாள்ல ஒருத்தரைப் பத்தித்தான் சார் கேட்டாங்க" என்றாள். நியாயமான பதில்தான். பிரபலத்தை நடுவில் வைத்து வரையும் படத்தில் மற்றவர்கள் எல்லாம் அவருடைய பாடங்களாக ஆகிவிடுகிறார்கள். ஒருவன் ஏன் இப்படி ஆனான் என்று விளக்கலாம், விளக்கத்தான் வேண்டும். ஆனால் 25 வயது ஆணின் செயலுக்கு அவனுடைய ஏணைக் காலத்தைச் சாட்சிக்கு அழைத்தால், எரிக்சன் பாதி வழியிலேயே இறங்கிக்கொள்வார். இளமைக்கு வந்தவன் தன் செயலுக்குத் தானே பொறுப்பேற்க வேண்டும்.

1997 ஜூன் 28ல் நடந்த சண்டையில் எதிராளி ஹோலிஃபீல்டின் காதைக் கடித்ததும், உரிமம் ரத்தாகி 30 லட்சம் டாலர் அபராதம் கட்டியதும், 30 கோடி டாலருக்கு மேல் சம்பாதித்ததாகச் சொல்லப்பட்டவர் 2003ல் திவாலானதும் ஊரறிந்த கதை. அவற்றில் கோட்பாட்டுக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. 2005ல் கெவின் மெக்பிரைட்டிடம் தோற்ற இரவுதான் எனக்கு முக்கியம். ஆறு சுற்று முடிந்து நாற்காலியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. இனி இதில் மனம் இல்லை, பிழைப்புக்காக இந்த விளையாட்டை அவமதிக்க விரும்பவில்லை என்ற அர்த்தத்தில் பேசினார். அப்போது 39ஐ நெருங்கிக்கொண்டிருந்தார். 14 வயதில் கிடைக்காத அவகாசம் அன்றுதான் கிடைத்தது. நான் சாம்பியன் இல்லையென்றால் வேறு யார் என்ற கேள்வி 25 வருடம் தாமதமாக வந்து சேர்ந்தது.

அவகாசம் அழகாக இருக்கவில்லை. போதை, குடி, மீண்டும் மீண்டும் சறுக்கல். 2009ல் 4 வயது மகள் வீட்டு உடற்பயிற்சி இயந்திரத்தில் சிக்கி இறந்தாள். அதற்குப் பிறகுதான் ஒரு திருப்பம் தெரிகிறது. மறுபடி திருமணம், பிள்ளைகள், தன் கதையைத் தானே மேடையில் நின்று சொல்லும் தனிநபர் நிகழ்ச்சி. 2011ல் புறாப் பந்தயத்தைப் பற்றி ஒரு தொலைக்காட்சித் தொடரும் செய்தார். யாரும் மார்க் போடாத அந்தப் பழைய திறமை நடுவயதில் வெளியே வந்திருக்கிறது. ஏழாம் கட்டத்துக்குச் சிவப்பு மை போட எனக்குக் கை வராது. பச்சை மையும் வராது. பிள்ளைகளைப் பேணுவதைப் பற்றி எழுதிய எரிக்சனே, டவுன் குறைபாட்டோடு பிறந்த தன் மகனை விடுதியில் விட்டுவிட்டு, மற்ற பிள்ளைகளிடம் அவன் இறந்துவிட்டதாகச் சொன்னவர். கோட்பாடு எழுதியவருக்கே ஏழாம் வரிசை சுத்தமாக இல்லை.

எட்டாம் கட்டத்தில் மாணவி "விரக்தி" என்று போட்டிருந்தாள். அவளிடம் ஆதாரமும் இருந்தது. 2024 நவம்பரில், 58 வயதில், 27 வயது யூடியூப் பிரபலம் ஜேக் பாலோடு மோதுவதற்கு முன், 14 வயதுச் சிறுமி ஒருத்தி டைசனைப் பேட்டி எடுத்தாள். நீங்கள் விட்டுச்செல்லும் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டாள். அப்படி ஒன்றில் எனக்கு நம்பிக்கையே இல்லை, நாம் சும்மா கடந்து போகிறவர்கள், செத்தால் தூசி, அதோடு முடிந்தது என்றார். சிறுமி திகைக்காமல் நன்றி சொன்னாள்.

நவம்பர் 15ல் எட்டுச் சுற்றும் நின்று புள்ளியில் தோற்றார். மறுநாள் அவர் எழுதிய செய்தியை மாணவி பார்க்கவில்லை. ஜூனில் தான் சாவின் விளிம்புக்குப் போய் வந்ததையும், எட்டுத் தடவை ரத்தம் ஏற்றியதையும் சொல்லிவிட்டு, தன்னில் பாதி வயதுக்காரனோடு கடைசிவரை நின்று ஆடியதைத் தன் பிள்ளைகள் பார்த்தார்களே, அப்படியோர் அனுபவத்தைக் கேட்க எந்த மனிதனுக்கும் உரிமை இல்லை என்று எழுதியிருந்தார். பெயர் எதற்கு என்றவரும் பிள்ளைகள் பார்த்தார்கள் என்றவரும் ஒரே ஆள், சில நாள் இடைவெளியில்.

அவளுடைய அட்டவணையில் ஒரு கட்டத்துக்கு ஒரு சொல்தான் எழுத முடியும். இரண்டையும் எழுது, எது கனம் என்று இப்போது முடிவு செய்யாதே என்றேன். எரிக்சன் கணக்குப்படி எட்டாம் கட்டம் 65க்கு மேல். டைசன் இன்னும் அதற்குள் போகவே இல்லை. விரிவுரையாளர் ஒத்துக்கொள்வாரா என்று கேட்டாள். தெரியாது, ஆனால் பக்கம் கூடும் என்றேன்.